நாரி பிடித்த பிறகும் தனியாளாகப் புல் வெட்டும் தொழிலை நடத்துவது எப்படி: ஒன்ராறியோவில் ஒரு பருவத்துக்கான முழுமையான வழிகாட்டி

மே மாதம் இரண்டாம் கிழமை. கனடாவின் ரொறன்ரோ நகரில் உள்ள ஸ்காபரோவில் அன்றைய பதினோராவது வீட்டின் புல்லை வெட்டி முடித்துவிட்டு, மெசினை வானுக்குள் ஏற்றுவதற்காகக் குனிந்து தூக்கினேன். பாதி உயரத்தில் உடம்பை இடப்பக்கம் திருப்பியபோது நாரிக்குள், அதாவது முதுகு இடுப்போடு சேரும் இடத்தில், சுருக்கென்று ஒரு வெட்டு. மெசினை அப்படியே விட்டுவிட்டு, வான் கதவைப் பிடித்தபடி பத்து நிமிடம் நின்றேன். அடுத்த நாள் விடியும்போது வலி வலது கெண்டைக்கால் வரை இறங்கியிருந்தது. முதுகெலும்பின் கீழ்ப்பகுதியில் ஒரு வட்டு பிதுங்கி நரம்பை அழுத்துகிறது என்று பிறகு சொன்னார்கள்.

கையில் 38 வீடுகள். வேலைக்கு ஒரே ஆள், அதுவும் நான்தான். ஒன்ராறியோவில் புல் மிக வேகமாக வளர்வது மே, ஜூன் மாதங்களில்தான்.

அந்தப் பருவத்தை எப்படி ஒப்பேற்றினேன் என்பதைத் தனியாளாக இந்தத் தொழில் செய்யும் நம் ஆட்களுக்காக எழுதுகிறேன். எனக்குத் தாமதமாகப் புரிந்த ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தத் தொழிலில் காசு வருவது மெசினுக்குப் பின்னால் நடப்பதற்கு. உடம்பு கெடுவது தூக்குவதிலும் குனிவதிலும் திரும்புவதிலும். நடக்கிற வேலையை வைத்துக்கொண்டு மற்ற மூன்றையும் எவ்வளவுக்கு வெட்டி எறியலாம் என்று பார்த்தால், காயத்தோடும் தொழில் நிற்கும்.

முதல் படி: மருத்துவரிடம் சரியான கேள்வியைக் கேளுங்கள்

எதற்கும் முன் ஒரு எச்சரிக்கை. சிறுநீர் அல்லது மலம் கட்டுப்பாடில்லாமல் போவது, சிறுநீர் வராமல் அடைபடுவது, இரண்டு தொடைகளின் உட்பக்கமும் ஆசனவாய்ப் பகுதியும் மரத்துப்போவது, கால் நாளுக்கு நாள் பலமிழப்பது, பாதத்தை மேலே தூக்க முடியாமல் போவது: இவற்றில் ஒன்று இருந்தாலும் குடும்ப டொக்டரின் அப்பொயின்மென்ட்டுக்குக் காத்திருக்கக் கூடாது. உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். மணிக்கணக்கு முக்கியமான விஷயம் இது.

அப்படி எதுவும் இல்லையென்றால், நாரிப் பிடிப்போடு காலுக்கு இறங்கும் வலி பெரும்பாலானோருக்கு ஆறு முதல் பன்னிரண்டு கிழமைக்குள் சத்திரசிகிச்சை இல்லாமலே நன்றாகக் குறையும். ஒரேயடியாகப் படுத்துக் கிடப்பது குணமாவதைத் தாமதப்படுத்தும். எனக்கு முதல் மூன்று நாளும் படுக்கை. நாலாம் நாள் வீட்டைச் சுற்றி ஐந்து நிமிட நடை, ஒரு நாளில் ஆறு தடவை.

டொக்டரிடம் போனால் நாங்கள் எல்லோரும் கேட்கும் கேள்வி, "எப்ப வேலைக்குப் போகலாம்?" இதற்கு வரும் பதிலை வைத்து எதையும் திட்டமிட முடியாது. பதிலாக இப்படிக் கேளுங்கள்: எத்தனை கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது? தொடர்ந்து எத்தனை நிமிடம் தள்ளி நடக்கலாம்? வான் ஓட்டும்போது எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை இறங்க வேண்டும்? எந்த அறிகுறி வந்தால் அன்றைய வேலையை நிறுத்த வேண்டும்? பதில்களை எண்ணாகவே எழுதி வாங்குங்கள். என் பிசியோதெரபிஸ்ட் எழுதித் தந்த துண்டில் நாலே வரிதான். அதை வானின் முன்கண்ணாடிக்குக் கீழே ஒட்டி வைத்திருந்தேன்.

மருந்து பற்றியும் ஒரு வார்த்தை. தசைப்பிடிப்புக்கும் கடும் வலிக்கும் தரும் சில மாத்திரைகள் தூக்கத்தைக் கொண்டுவரும். அவற்றைப் போட்டுக்கொண்டு வான் ஓட்டவோ சுழலும் பிளேட்டுக்குப் பின்னால் நிற்கவோ கூடாது. மருந்துக்கடையில் இருக்கும் பார்மசிஸ்டிடம் உங்கள் வேலை என்ன என்று வாய்விட்டுச் சொல்லிக் கேளுங்கள்.

20 முதல் 64 வயது வரை உள்ளவர்களுக்கு வெளியே செய்யும் பிசியோதெரபிக்கு, மாகாணத்தின் அரச மருத்துவக் காப்புறுதியான ஓஹிப் பொதுவாகக் காசு கொடுக்காது. ஆஸ்பத்திரியில் இரவு தங்கிச் சிகிச்சை பெற்று வெளியே வந்தவர்கள், சமூக உதவித்தொகை பெறுபவர்கள் போன்ற சிலருக்கு விலக்கு உண்டு. மனைவி அல்லது கணவனின் வேலையிடத்துக் காப்புறுதி இருந்தால் முதலில் அதைப் பாருங்கள். பற்றுச்சீட்டு ஒன்றையும் எறியாதீர்கள். வரிக்கணக்கில் மருத்துவச் செலவாகக் காட்டலாம்.

இரண்டாம் படி: அன்றைக்கே வாடிக்கையாளருக்குச் சொல்லுங்கள்

நான் இதில் ஒரு பிழை விட்டேன். இரண்டு நாளில் சரியாகிவிடும் என்று நினைத்து ஐந்து நாள் ஒருவருக்கும் சொல்லவில்லை. அந்த ஐந்து நாளில் மூன்று வீடுகள் வேறு ஆளைப் பிடித்துவிட்டன. கோபத்தில் இல்லை, புல் வளர்ந்தது, நான் வரவில்லை, போன் எடுக்கவில்லை. அவர்கள் வேறென்ன செய்வார்கள்?

செய்தியில் மூன்று விஷயம் இருந்தால் போதும்: என்ன நடந்தது, புல் எப்போது வெட்டப்படும், அடுத்த தகவல் எப்போது வரும். நான் அனுப்பியது இது:

"வணக்கம். வேலையில் நாரியில் காயம் பட்டுவிட்டது. இந்தக் கிழமை உங்கள் வீட்டுக்கு வர முடியவில்லை. அடுத்த புதன்கிழமை புல் வெட்டப்படும். நானோ எனக்குத் தெரிந்த ஒருவரோ வருவோம். விலை அதேதான். யார் வருவது என்று ஞாயிறு மாலைக்குள் சொல்வேன்."

எம்ஆர்ஐ, வட்டு, நரம்பு என்று கதையை நீட்ட வேண்டியதில்லை. ஆனால் சொன்ன ஞாயிறு மாலைக்குள் கட்டாயம் மறுபடி எழுதுங்கள், சொல்வதற்குப் புதிதாக ஒன்றும் இல்லாவிட்டாலும்.

பருவத்துக்கு முற்பணம் தந்தவர்களுக்கும் வயதானவர்களுக்கும் மெசேஜ் வேண்டாம், போன் எடுத்துக் கதையுங்கள். என் பழைய வாடிக்கையாளரான ஒரு அம்மா சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "புல்லு எங்கையும் ஓடாது தம்பி. முதல்ல உம்மட நாரியைப் பாரும்." அன்று எனக்கு அது மருந்தைவிடப் பெரிய ஆறுதல்.

புல் ஓடாது என்பது ஓரளவு உண்மையும்தான். ரொறன்ரோ நகர விதிப்படி புல் 20 சென்ரிமீற்றரைத் தாண்டக் கூடாது. ஏழு செ.மீ. உயரத்தில் வெட்டிய புல் பத்து நாள் பிந்தினால் பார்க்க அழகில்லாமல் போகுமே தவிர, பொதுவாக அந்த எல்லைக்குப் போகாது.

மூன்றாம் படி: ஒரு வீட்டு வேலையை அசைவுகளாகப் பிரியுங்கள்

ஒரு கொப்பியை எடுத்து, வழக்கமான ஒரு வீட்டில் வானை நிறுத்துவதிலிருந்து திரும்பப் புறப்படுவது வரை உடம்பு என்னென்ன செய்கிறது என்று எழுதுங்கள். என் கணக்கு இது: மெசினை இறக்கியது ஒன்று, ஏற்றியது ஒன்று. கயிறு இழுத்து ஸ்டார்ட் பண்ணியது இரண்டு தடவை. புல் பை நிரம்பிக் குனிந்து கழற்றிக் கொட்டியது மூன்று தடவை. ஓரப்புல்லை நூலால் வெட்டும் ட்ரிம்மரைப் பிடித்துக்கொண்டு வேலியோரம் இடுப்பைத் திருப்பியபடி ஐந்து நிமிடம். ஓரம் வெட்ட நாலு நிமிடம். சிதறிய புல்லைக் காற்றால் ஊதித் தள்ளும் புளோவர் மூன்று நிமிடம். மெசினுக்குப் பின்னால் நேராக நடந்தது பன்னிரண்டு நிமிடம்.

அந்தப் பன்னிரண்டு நிமிட நடை எனக்கு மூன்றாம் கிழமையே இயலுமாக இருந்தது. நோ தந்தது முழுக்க மற்றவை. பதினொரு வீடு என்றால் 22 தடவை ஏற்றி இறக்குவது, 33 தடவை பை கொட்டுவது. இந்த எண்களைக் கொப்பியில் பார்த்தபோதுதான், நாரி இவ்வளவு காலம் தாக்குப்பிடித்ததே பெரிது என்று விளங்கியது.

நாலாம் படி: சாமானையும் முறையையும் மாற்றுங்கள்

பையைக் கழற்றிவிடுங்கள். இதுதான் முதல் மாற்றம், செலவும் குறைந்தது. பின்பக்க வாயை மூடி, மல்ச்சிங் பிளேட் போட்டு, வெட்டிய புல்லைப் பொடியாக்கி அங்கேயே விடலாம். அது உக்கி மண்ணுக்கு நைதரசன் கொடுக்கும். ரொறன்ரோ நகரம் வெட்டிய புல்லைத் தோட்டக் கழிவோடு எடுப்பதும் இல்லை, ஆகவே வாடிக்கையாளருக்கு விளங்கப்படுத்துவது சுலபம். நிபந்தனை ஒன்று: புல்லின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒரே தடவையில் வெட்டக் கூடாது. மெசினை மூன்று அங்குல உயரத்தில் வையுங்கள். பிந்திப்போய் நீண்டு வளர்ந்திருந்தால் முதலில் உயர்த்தி வெட்டிவிட்டு, மூன்று நாலு நாளில் இன்னொரு தடவை போங்கள்.

அடுத்தது ராம்ப், அதாவது மெசினை வானுக்குள் உருட்டி ஏற்றும் சாய்வுப் பலகை. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், என் காயம் வந்த இடம் அதுதான். என் வானின் தளம் நிலத்திலிருந்து 60 செ.மீ. உயரம். 180 செ.மீ. நீளமான ராம்ப் போட்டால் சாய்வு ஏறக்குறைய 19 பாகை. 40 கிலோ மெசினை ஏற்ற 13 கிலோ அளவு விசையோடு தள்ள வேண்டும். அதே உயரத்துக்கு 240 செ.மீ. ராம்ப் போட்டால் சாய்வு 14 பாகைக்கு இறங்கி, தள்ளும் விசை 10 கிலோ ஆகும். மூன்று கிலோதானே என்று தோன்றும். நாளுக்கு எத்தனை தடவை என்று பெருக்கிப் பாருங்கள். டிரைவ்வே சரிவாக இருந்தால் வானின் பின்பக்கம் மேட்டைப் பார்க்கும்படி நிறுத்துங்கள். பின்னால் இருக்கும் நிலம் உயர்ந்திருப்பதால் ராம்ப் இன்னும் தட்டையாகும். கைப்பிரேக் போட்டு, சில்லுக்குக் கட்டையும் வையுங்கள். எஞ்சினை நிறுத்திவிட்டே ஏற்ற வேண்டும். மெசினைக் கதவுக்குப் பக்கத்தில் கட்டி வைத்தால் உள்ளே போய்க் குனிந்து இழுக்கும் வேலையும் இல்லாமல் போகும்.

பட்டரி மெசினுக்கு மாறுவதா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். காயத்தோடு இருப்பவருக்கு என் பதில், ஆம். கயிறு இழுக்கும் அந்தத் திடீர்த் திருப்பம் இல்லாமல் போவதே பெரிய விஷயம்; பெற்றோல் மெசினைவிடப் பாரமும் பெரும்பாலும் குறைவு. ஒரு நாளைக்கு ஆறு வீடு என்றால் இரண்டு பட்டரி எனக்குப் போதுமாக இருந்தது. முன்சில்லோ பின்சில்லோ தானாக ஓடும் வகையையே வாங்குங்கள். பிளேட்டில் கை வைக்குமுன் பட்டரியைக் கழற்ற வேண்டும், பெற்றோல் மெசின் என்றால் ஸ்பார்க் பிளக் வயரை.

ட்ரிம்மருக்கு வளைந்த தண்டைவிட நேர்த்தண்டு நல்லது. உயரமானவர்கள் வளைந்த தண்டைப் பிடித்தால் குனிந்தே நிற்க வேண்டிவரும். தோளில் போடும் பட்டியைப் போட்டு, இடுப்பைத் திருப்பாமல் காலை எடுத்து வைத்துத் திரும்புங்கள். முதுகில் சுமக்கும் புளோவரைக் குணமாகும்வரை கராஜிலேயே விட்டுவிடுங்கள், கையில் பிடிக்கும் சிறிய பட்டரி புளோவர் போதும். டிரைவ்வே ஓரம் வெட்டுவதை நான் மூன்று கிழமைக்கு ஒருமுறை ஆக்கினேன். ஒருவர்கூட அதைக் கவனித்துக் கேட்கவில்லை.

ஐந்தாம் படி: வீடுகளைப் பிரியுங்கள்

என் 38 வீடுகளில் மூன்று முதலிலேயே போய்விட்டன. மிச்சம் 35-இல் நான் வைத்துக்கொண்டவை 14. தட்டையான நிலம், அகலமான பக்கவாசல், ஒன்றுக்கொன்று நடந்து போகும் தூரம் என்பதே கணக்கு. ஒரே தெருவில் நாலு வீடு இருந்தால் மெசினை ஒரு தடவை இறக்கி, நாலையும் முடித்துவிட்டு ஒரு தடவை ஏற்றினால் போதும். அதிகக் காசு தரும் வீடாக இருந்தாலும், பின்வளவுக்கு ஆறு படி ஏற்றி இறக்க வேண்டுமென்றால் அதை வைத்திருக்காதீர்கள்.

16 வீடுகளைத் தொழிலில் இருக்கும் ஒரு தம்பியிடம் கொடுத்தேன். மிச்சம் ஐந்துக்கும் நிலைமையைச் சொல்லி, கணக்கை முடித்து, நன்றி சொல்லி விட்டுவிட்டேன். ஒருவரிடம் வீடுகளைக் கொடுக்குமுன் நாலு விஷயத்தை எழுத்தில் பேசி வையுங்கள், சொந்தக்காரனாக இருந்தாலும்: பில் அனுப்புவது யார், ஒரு வெட்டுக்கு அவருக்கு எவ்வளவு, எந்தத் திகதியில் வீடுகள் திரும்பி வரும், வாடிக்கையாளர் அவரையே விரும்பினால் என்ன செய்வது. எங்கள் ஏற்பாட்டில் பில் என் பெயரில் போனது, பத்தில் எட்டுப் பங்கு அவருக்கு. எனக்குக் கிடைத்தது சொற்பம், ஆனால் தொடர்பு என் கையில் இருந்தது. அவரிடம் பொறுப்புக் காப்புறுதி இருக்கிறதா, உங்கள் காப்புறுதி துணை ஒப்பந்தக்காரரை ஏற்கிறதா என்பதை ஏஜென்டிடம் கேட்டுவிடுங்கள்.

உதவிக்குப் பள்ளிக்கூடப் பெடியன் ஒருவனைச் சம்பளத்துக்கு எடுப்பது வேறு கதை. பகுதிநேரம் என்றாலும், முதல் ஊழியரை எடுத்த பத்து நாளுக்குள், வேலையிடக் காயங்களுக்கான மாகாணக் காப்புறுதிச் சபையான டபிள்யூ.எஸ்.ஐ.பி.யில் பதிய வேண்டும். ஈ.ஐ. என்ற வேலைக் காப்புறுதிக் கட்டணத்தையும், அவனுக்கு 18 வயது ஆகியிருந்தால் சி.பி.பி. என்ற ஓய்வூதியக் கட்டணத்தையும் பிடித்துக் கட்டவும் வேண்டும். அவனுக்கு ஒன்று நடந்தால் பொறுப்பு உங்களுடையது. கையில் காசைக் கொடுத்து முடித்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். காயம் என்றால் என்ன என்று இப்போது உங்களுக்கே தெரியும்.

ஆறாம் படி: நாளை மெதுவாக நீட்டுங்கள்

திரும்பிப் போன முதல் கிழமையில் நாளுக்கு இரண்டு வீடு, ஒருநாள் விட்டு ஒருநாள். இரண்டாம் கிழமை மூன்று. அளவுகோல் வேலை நேரத்து நோ அல்ல, அடுத்த நாள் காலையில் இருக்கும் நோதான். முந்தின காலையைவிடக் கூடியிருந்தால் அன்றைக்கு ஒரு வீட்டைக் குறைத்தேன். இன்னொரு அடையாளமும் பிசியோதெரபிஸ்ட் சொல்லித் தந்தார்: கெண்டைக்காலில் இருந்த வலி தொடைக்கும், அங்கிருந்து பிருஷ்டத்துக்கும் ஏறி வந்தால், நாரியில் கொஞ்சம் கூடினாலும் அது நல்ல பக்கம் போகிறது. கீழே இறங்கினால் நிறுத்த வேண்டும்.

விடியற்காலையில் தொடங்கும் பழக்கத்தை விடுங்கள். இரவில் படுத்திருக்கும்போது முதுகு வட்டுகள் நீரை உறிஞ்சி உப்பி நிற்கும், எழும்பிய முதல் ஒரு மணி நேரம் குனிவதற்கு மிக மோசமான நேரம். புல்லுக்கும் அது பொருந்தாத நேரம்தான். பனித்துளியோடு வெட்டினால் கட்டிகட்டியாக ஒட்டும், சில்லும் வழுக்கும். நான் ஒன்பதரைக்குத்தான் முதல் வீட்டில் இறங்கினேன். வான் ஓட்டும்போது நாரிக்குப் பின்னால் ஒரு துவாயைச் சுருட்டி வைத்து, இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இறங்கி நடந்தேன்.

பருவமும் உதவிக்கு வரும். இங்குள்ள கென்ரக்கி புளூகிராஸ் வகைப் புல் ஜூலை வெயிலில் மண்ணிறமாகித் தூங்கிவிடும். அது சாகவில்லை, தண்ணீரும் குளிரும் வந்தால் எழும்பும். அந்த நேரத்தில் பத்து நாளுக்கு ஒருமுறை, சில வீடுகளில் இரண்டு கிழமைக்கு ஒருமுறை வெட்டினாலே போதும். உங்கள் உடற்பயிற்சிக்கான மாதம் அதுதான்.

ஏழாம் படி: பாரமில்லாத வேலையில் காசு பாருங்கள்

ஒன்ராறியோவில் அழகுக்காகப் பூச்சிமருந்து அடிப்பது 2009 ஏப்ரலில் இருந்து தடை. அதனால் புல்வேரைத் தின்னும் வெள்ளைப் புழுக்களுக்கு நெமற்றோட் என்ற கண்ணுக்குத் தெரியாத நுண்புழுக்களைத் தண்ணீரில் கலந்து விடுகிறோம். ஓகஸ்ட் கடைசியிலிருந்து செப்டெம்பர் நடுப்பகுதி வரை, குஞ்சுப் புழுக்கள் மேல்மண்ணில் இருக்கும் காலத்தில், மண்ணை முன்பே நனைத்துவிட்டு மாலையில் விட வேண்டும். வெயில் பட்டால் அவை செத்துவிடும். தண்ணீர்க் குழாயின் நுனியில் பூட்டும் போத்தல் ஒன்றுதான் சாமான். ரக்கூன்கள் புழு தேடிப் புல்லைப் பாய் சுருட்டுவது போலச் சுருட்டிய வீடுகள் இதை விரும்பிச் செய்விக்கும். சில்லுப் பூட்டிய விதைப்பெட்டியைத் தள்ளிப் புல்விதை தூவுவதும் இதே காலத்து வேலை. மண்ணில் துளை போடும் ஏரேற்றர் மெசினை மட்டும் தொடாதீர்கள். அது உங்கள் புல் மெசினைவிடப் பல மடங்கு பாரம். அந்த வேலையை அந்தத் தம்பிக்கே கொடுத்தேன்.

எட்டாம் படி: கடதாசி வேலைகள்

தனியாளாகத் தொழில் செய்பவர்கள் வருமானவரிப் பத்திரத்தை ஜூன் 15 வரை கொடுக்கலாம், ஆனால் கட்ட வேண்டிய வரிக்கு ஏப்ரல் 30 முடிந்ததும் வட்டி ஏறத் தொடங்கும். மேயில் படுத்திருந்த எனக்குத் தொழில் வருமானத்தைக் காட்டும் ரி2125 படிவத்தை நிதானமாக நிரப்ப நேரம் கிடைத்தது. பில் உங்கள் பெயரில் போனால் மற்றவர் வெட்டிய வீட்டுக் காசும் உங்கள் வருமானம்தான். அவருக்குக் கொடுத்ததைச் செலவாகக் காட்டுங்கள். தொடர்ந்த நாலு காலாண்டுகளில் 30,000 டொலரைத் தாண்டினால் எச்.எஸ்.ரி. என்ற விற்பனை வரிக்குப் பதிய வேண்டும் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

காயம்படாமல் இதை வாசிக்கும் தனியாட்களுக்குத்தான் அடுத்த இரண்டு விஷயமும். சொந்தத் தொழில் செய்பவர்கள் விரும்பினால் ஈ.ஐ. திட்டத்தில் சேரலாம். சேர்ந்து 12 மாதம் கழிந்த பிறகுதான் நோய்க்காலக் கொடுப்பனவு கேட்கலாம், 26 கிழமை வரை கிடைக்கும். ஒருமுறை வாங்கிவிட்டால், சொந்தத் தொழில் செய்யும் காலம் முழுவதும் அந்தக் கட்டணத்தைக் கட்ட வேண்டும் என்பதையும் யோசித்து முடிவெடுங்கள். டபிள்யூ.எஸ்.ஐ.பி.யும் புல் வெட்டும் தனியாளுக்குக் கட்டாயமில்லை, விரும்பினால் காசு கட்டித் தனக்கு எடுக்கலாம். நான் இரண்டையும் எடுக்காமல் இருந்தேன். அந்த மே மாதத்து இரவுகளில் என் மனைவி சமையலறை மேசையில் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்த முகம் எனக்கு மறக்காது. இந்தக் கிழமையே விசாரியுங்கள்.

ஒன்பதாம் படி: இலையும் ஸ்னோவும்

ஒக்டோபர் வந்ததும் இலை அள்ளும் வேலை கேட்பார்கள். ரொறன்ரோவில் ஒரு கடதாசிப் பை 20 கிலோவுக்கு மேல் போகக் கூடாது. நனைந்த இலை அந்தப் பாரத்தைப் பை நிரம்புமுன்பே தொட்டுவிடும். நான் காய்ந்த இலையை மெசினால் பொடியாக்கிப் புல்லிலேயே விட்டேன், மிஞ்சியதைப் பாதிப் பை மட்டும் நிரப்பினேன். ஸ்னோ அள்ளும் ஒப்பந்தம் அந்தப் பனிக்காலம் ஒன்றுகூட எடுக்கவில்லை. பாரத்தைத் தூக்கித் திரும்பி எறியும் அசைவு அது, நாரியை உடைத்ததும் அதே அசைவுதான். செப்டெம்பரிலேயே எல்லோருக்கும் சொல்லி, வேறு ஆளின் நம்பரைக் கொடுத்துவிட்டேன்.

தம்பியிடம் கொடுத்த வீடுகளை அடுத்த ஏப்ரலில் திரும்பக் கேட்டேன். 16-இல் 11 வந்தன. ஐந்து வீடு அவனோடேயே இருக்க விரும்பியது. பேசி வைத்தபடி விட்டுக்கொடுத்தேன். மே முதல் சனிக்கிழமை அந்த அம்மாவின் வீட்டு வாசலில் நீள ராம்பை விரித்து மெசினை இறக்கியபோது, அவர் தேத்தண்ணியோடு வெளியே வந்து, நான் திரும்ப ஏற்றி முடிக்கும்வரை படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.